அந்தாண்ட

ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளுக்குள்
எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று
மண்டல அலுவலக நோட்டீசை
டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.
பசை காய்வதற்குள்
ஒரு மூலையை ஆடு தின்றுவிட்டது.
மிச்சத்தைப் படித்தோம்.
எங்கள் இடத்துக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள்.

அதுவரை என்ன பெயர் என்று கேட்டால்
பீரோவைத் திறக்க வேண்டும்.
ரேஷன் கார்டில் அந்தாண்டை.
என் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அண்டாகுப்பம்.
வாக்காளர் அட்டையில் ஆண்டான்குப்பம்;
அரை சென்ட் பட்டா இல்லாத
அறுபத்திரண்டு வீட்டு ஆண்டான்கள் நாங்கள்.
கரண்ட் பில் மட்டும் பக்தியோடு
ஆண்டவர் நகர் விரிவு என்கிறது.
விரிவது எந்தப் பக்கம் என்று அதில் இல்லை.

புழல் ஏரிக்குக் கரை உயர்த்தியபோது
மண் சுமக்க வந்த கூட்டமாம்.
மஸ்டர் ரோலில் ஆள் பெயர் எழுதும் வழக்கமில்லை,
கூடைதான் கணக்கு.
நாற்பத்தோராம் கூடை பாம்பு கடித்துச் செத்தது.
நாற்பத்திரண்டு அதன் தங்கையைக் கட்டிக்கொண்டது.
இப்படி ஆரம்பிக்கிறது எங்கள் வம்சாவளி.
கரை முடிந்தது, கூலி பாதி பாக்கி.
வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று
குடிசை போட்டு உட்கார்ந்தவர்கள்
இன்னும் கிளம்பவில்லை.

ஊர்க்காரர்களுக்கு ஊர் இருந்தது.
கால்வாய்க்கு இப்புறம் கிடந்த எங்களைக் காட்ட
அவர்களுக்கு ஒரு விரல் போதுமாயிருந்தது.
"யாரு மாடு மேயுது?"
"அந்தாண்ட ஆளுங்களுது."
"பறைச் சத்தம் கேக்குதே, எங்க சாவு?"
"அந்தாண்ட."
நீட்டிய விரலே பெயராகிவிட்டது.
வேடிக்கை என்னவென்றால்
நாங்களும் அதையே சொல்லப் பழகிக்கொண்டோம்.
சொந்த வாசலில் நின்றுகொண்டு
"நமக்கு அந்தாண்டதான்" என்பார் எத்திராசு,
தன்னை விட்டு நாலு எட்டு
தள்ளி நின்று பேசுகிறவர் மாதிரி.

முதல் பஸ் வந்த வருஷம்
ஸ்டேஜ் பெயர் கேட்ட கண்டக்டர்
"அந்தாண்டன்னா எந்தாண்ட?" என்று சண்டைக்கு வந்தார்.
கடைசியில் தானாக ஒரு குப்பத்தைச் சேர்த்து
முப்பத்தைந்து பைசாவுக்கு டிக்கெட் கிழித்தார்.
கடல் இங்கிருந்து மூன்று பஸ் மாறும் தூரம்.

பிறகு மனை போடுகிறவர்கள் வந்தார்கள்.
குப்பத்தில் யார் மனை வாங்குவார்?
முன்னால் கொஞ்சம் அறுத்து, பின்னால் கொஞ்சம் ஒட்டி
ஆண்டவர் ஆக்கினார்கள்.
சிமெண்டில் ஒரு வளைவு,
வளைவின் அளவுக்கு ஒரு புராணம்:
ஆண்டவர் இவ்வழியே போகையில்
தாகத்துக்கு ஒதுங்கினாராம்.
"ஒதுங்கிட்டு என்னத்தக் குடிச்சாரு?"
என்றாள் கோட்டீஸ்வரி.
ஏரி கண்ணெதிரே தளும்புகிறது.
அதன் தண்ணீர் எங்கள் காலடியில்
இரும்புக் குழாய்க்குள் பட்டணம் போகிறது.
எங்களுக்கு லாரி.

நோட்டீசைப் பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை கூடினோம்.
தலைவர் பெயர் வைக்கலாம் என்றார்கள்.
எந்தத் தலைவர் என்பதில்
வாடகை நாற்காலி இரண்டு உடைந்தன.
கூடை என்று வைக்கலாமா என்றேன் நான்.
யாரும் சிரிக்கவில்லை. ஒப்பவுமில்லை.
கோட்டீஸ்வரியின் மகன், எட்டாவது படிக்கிறவன்,
செல்போனிலிருந்து தலை தூக்காமல்
"இந்தாண்டன்னு வைங்களேன்" என்றான்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
எத்திராசு எழுந்து
கால்வாயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
எதையோ எண்ணுகிறவர்போல உட்கார்ந்தார்.
"எழுது" என்று என்னிடம் சொன்னார்.

தேதி போட்டேன். ஐயா என்று போட்டேன்.
அதற்குள் ஹாரன்.
குடங்கள் உருண்டு ஓடின, கூட்டமும்தான்.
காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு
நானும் குழாயைப் பிடித்தேன்.

டிரைவர் மாசிலாமணி நீட்டிய சீட்டில்
வழக்கம்போல் கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன்,
இடம் என்ற கட்டத்துக்குள் பென்சிலால்
அவர் எங்களுக்கு வைத்திருந்த பெயரை:
கடைசி நடை.

கடைசிக் குடம் நிரம்பும்வரை
நான் ஆட்சேபிக்கவில்லை.